கல்லூரி விண்ணப்பக் கட்டுரை: மலைப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

கோத்தகிரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து, அவர்கள் கல்லூரி விண்ணப்பத்துக்காக எழுதும் கட்டுரைகளைப் படிக்கிறேன். குன்னூர், கேத்தி, கூடலூர் பக்கத்திலிருந்து போனில் கேட்பவர்களும் உண்டு. கொடைக்கானலிலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பெற்றோர் கேட்ட கேள்விகளும் இதில் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை எல்லாக் கல்லூரிக்கும் தேவையா?

இல்லை. தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வில் சேர 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் போதும். மருத்துவத்துக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற நுழைவுத் தேர்வு. நம் அரசுக் கலைக் கல்லூரிகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க். இந்த வழிகளில் போகிறவர்களிடம் 'நீங்கள் யார்' என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவையும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் கேட்கின்றன. இந்தியாவில் அசோகா போன்ற சில தனியார் பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் இருக்கிறது. கட்டுரைக்காக ஒருமுறை நன்றாக யோசித்துவிட்டவர்களுக்கு அந்த நேர்காணல் பயமாக இருப்பதில்லை. அதனால் வெளிநாட்டுக்குப் போகாதவர்களும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம் என்பேன்.

அமெரிக்க விண்ணப்பத்தில் சரியாக என்ன எழுதச் சொல்கிறார்கள்?

'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பம் வழியாக ஒரே கட்டுரையைப் பல கல்லூரிகளுக்கு அனுப்பலாம். குறைந்தது 250 சொல், அதிகபட்சம் 650 சொல். ஏழு தலைப்புகள் கொடுத்திருப்பார்கள். உங்கள் பின்னணி, நீங்கள் தடுமாறிய ஒரு நேரம், ஒரு நம்பிக்கையைக் கேள்வி கேட்டது, யாருக்காவது நன்றியோடு இருந்தது, உங்களை மாற்றிய ஒன்று, நேரம் போவதே தெரியாமல் உங்களை இழுக்கும் ஒரு விஷயம் என்று ஆறு தலைப்பு. ஏழாவது, நீங்களே தேர்ந்தெடுப்பது. எனவே தலைப்பை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் எழுதுங்கள். எழுதியது எந்தத் தலைப்பில் பொருந்துகிறது என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதைத் தவிர, பல கல்லூரிகள் 'எங்கள் கல்லூரி ஏன்' என்பது போன்ற குட்டிக் கேள்விகளும் கேட்கும். அவற்றுக்கு அந்தக் கல்லூரியின் பாடப்பட்டியலை உண்மையாகவே படித்துவிட்டு எழுத வேண்டும்.

மார்க் குறைவு. கட்டுரை ஈடுகட்டுமா?

ஈடுகட்டாது. ஏறக்குறைய ஒரே மார்க் வைத்திருக்கும் பலருக்கு நடுவில் உங்களைத் தனியாக அடையாளம் காட்டும். அவ்வளவுதான் அதனால் முடியும். அதுவும் பெரிய விஷயம்தான்.

என் வாழ்க்கையில் எழுதும்படி எதுவுமே நடக்கவில்லை. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கும்போதே பிள்ளைகளின் முகம் வாடியிருக்கும். போட்டியில் ஜெயிக்கவில்லை, வெளிநாடு போகவில்லை, நிறுவனம் எதுவும் தொடங்கவில்லை. பள்ளி, வீடு, பள்ளி.

நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். நேற்றுப் பள்ளி விட்டதிலிருந்து வீடு போய்ச் சேரும்வரை என்னென்ன நடந்தது? வீட்டில் உங்களை நம்பி ஒப்படைத்திருக்கும் வேலை எது? எந்த விஷயமென்றால் வீட்டில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்பேன், தமிழில், நோட்டில், பிழை பார்க்காமல்.

கீழ்கோத்தகிரிப் பக்கத்து மாணவி ஒருத்தி இரண்டாவது கேள்விக்கு, "இலைக் கணக்கு எழுதுவேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தாள். விசாரித்தேன். வீட்டுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. இலை எடுக்கும் நாளில் ஏஜென்ட்டின் வண்டி ரோட்டோரம் வந்து நிற்கும். மூட்டை மூட்டையாக எடை போட்டு, ஈரத்துக்கும் முற்றின இலைக்கும் என்று சில கிலோவைக் கழித்துக்கொண்டு சீட்டில் எழுதுவார்கள். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. எட்டாம் வகுப்பிலிருந்து இவள்தான் அதை நோட்டில் ஏற்றி வருகிறாள். ஒருநாள் பழைய பக்கங்களைப் புரட்டும்போது, மழையே பெய்யாத வாரத்திலும் கழிவு அதே அளவில் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து தேதி, மழை, எடை, கழிவு என்று நான்கு கட்டம் போட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டை ஏஜென்ட்டிடம் நீட்டியது அம்மா. கழிவு குறைந்தது, ஆனால் முழுவதும் போய்விடவில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இது வெறும் கணக்குதான மிஸ், இதுல எழுத என்ன இருக்கு?" என்றாள். அவள் படிக்க விரும்பியது புள்ளியியல்.

இதைவிட நல்ல கட்டுரை எங்கே கிடைக்கும்? ஒரு பெண் தன் கண்ணால் ஒன்றைக் கவனிக்கிறாள், சந்தேகப்படுகிறாள், சந்தேகத்தைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடிக்கிறாள், அரைகுறை வெற்றி கிடைக்கிறது. அந்த அரைகுறையை அவள் மறைக்கவில்லை. கல்லூரி தேடும் மாணவி இவள்தான்.

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் எடுப்பது விடியாத இருட்டிலேயே தொடங்கிவிடும். பிடுங்கி, கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு அனுப்ப வேண்டும். அதற்கு விளக்குப் பிடித்துவிட்டுப் பள்ளிக்கு வரும் பையன்கள் இருக்கிறார்கள். கூடலூரில், வழியில் யானை நிற்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டு கூட்டமாகச் சேர்ந்த பிறகே பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் 'எதுவும் நடக்கவில்லை' என்றுதான் சொல்கிறார்கள். தினமும் நடப்பது நமக்கு நிகழ்ச்சியாகத் தெரிவதில்லை.

ஊட்டியின் அழகை வர்ணித்துத் தொடங்கலாமா?

வேண்டாம். இதை நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்வேன்.

என்னிடம் வரும் முதல் வரைவுகளில் பாதிக்குமேல் 'மலைகளின் அரசி' என்றுதான் தொடங்குகின்றன. பனி போர்த்திய மலை, பச்சைக் கம்பளம் விரித்த தேயிலைத் தோட்டம். யோசித்துப் பாருங்கள், இது யாருடைய பார்வை? கீழே சமவெளியிலிருந்து மூன்று நாள் விடுமுறைக்கு வருகிறவர்களின் பார்வை. மேகம் இறங்கிவிட்டால் நம் வீட்டில் துணி காயாது. யூனிஃபார்ம் நாலு நாள் அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும், போட்டுக்கொண்டு போனால் புகை வாசம் அடிக்கும். அந்தப் புகை வாசம் உங்களுடையது. பச்சைக் கம்பளம் சுற்றுலா விளம்பரத்துடையது.

சிலர் மலை ரயிலோடு தொடங்குவார்கள். 1908-ல் ஊட்டிவரை வந்தது, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது என்று. உண்மைதான், பெருமைதான். ஆனால் அதைத் தேடிப் படித்துக்கொள்ள அந்தக் கல்லூரிக்காரருக்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ குன்னூர் ரயில் பணிமனையில் வேலை பார்ப்பவராக இருந்தால் கதை வேறு. கல்லாறிலிருந்து குன்னூர்வரை ரயில் பல்சக்கரத்தில் ஏறுகிறது. அந்தப் பல்லில் எண்ணெய் எங்கே காய்ந்துபோகும் என்று அவர் சாப்பாட்டு நேரத்தில் பேசியதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதை எழுதுங்கள்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைத்தொடர்ப் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் குறிஞ்சி வந்து நிற்கும். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது போல நானும் பொறுமையாகக் காத்திருந்து மலர்வேன் என்று முடிப்பார்கள். அழகான எண்ணம்தான், ஆனால் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். கடைசியாகக் கொடைக்கானல் பக்கம் பரவலாகப் பூத்தது 2018-ல். அப்போது நீங்கள் தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். பூ பார்க்க வந்த வண்டிகளால் பள்ளிப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, அம்மா ரோட்டில் சோளம் சுட்டு விற்றாரா, விற்ற காசில் என்ன வாங்கினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்தது.

எங்கள் குடும்பக் கஷ்டத்தை எழுதினால்தான் சீட் கிடைக்கும் என்கிறார்களே?

யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஒரு பையனிடம், அவன் அப்பா தவறிய கதையை எழுதச் சொல்லி நானே வற்புறுத்தினேன். நல்ல பையன், சொன்னபடி எழுதினான். மூன்று வரைவு எழுதினான். ஒவ்வொரு முறையும் நான், 'இன்னும் கொஞ்சம் விவரம் சேர்' என்றேன். கடைசி நாளில் அதை அனுப்பாமல், ராத்திரியோடு ராத்திரியாக வேறு ஒன்றை அவசரமாக எழுதி அனுப்பிவிட்டான். பிறகு சொன்னான், "அது எங்க வீட்டுது மிஸ்." நான் செய்தது தவறு. அன்றிலிருந்து யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை.

கஷ்டத்தை எழுதவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது உங்கள் யோசனையில் தானாக வந்தால் எழுதுங்கள். ஒரு சோதனை சொல்கிறேன். முன்பின் தெரியாத ஒருவர் நேர்காணலில் அதைப் பற்றி மேலும் ஒரு கேள்வி கேட்டால், தொண்டை அடைக்காமல் பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எழுதலாம். முடியாது என்றால் அந்த விஷயத்துக்கு இன்னும் நாளாகவில்லை, விட்டுவிடுங்கள்.

எழுதினால், கஷ்டத்துக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நினைத்தீர்கள் என்பது இருக்க வேண்டும். 'லயன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) ஆறு பேர் இருந்தோம், கஷ்டப்பட்டோம்' என்பதில் நீங்கள் இல்லை. அதே லயன் வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு எந்த மூலையில், எந்த வெளிச்சத்தில், எந்தப் பாடத்தை முதலில் எடுப்பீர்கள், ஏன் அதை முதலில் என்று எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள்.

வருமானம், கடன் கணக்கெல்லாம் உதவித்தொகைப் படிவத்தில் போகும். கட்டுரையில் அதைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள்தான் வெளிநாட்டு மாணவர்களின் பணநிலையைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுக்கின்றன. மற்றவற்றில் எவ்வளவு உதவி கேட்கிறீர்கள் என்பதும் முடிவில் சேரும். கட்டுரை நன்றாக இருந்தும் இடம் கிடைக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

தாத்தா சிலோனிலிருந்து வந்தவர். அவர் கதையை எழுதலாமா?

நம் மலையில் பல வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவு, கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கூடலூரிலோ கோத்தகிரியிலோ டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். எழுதப்பட வேண்டிய வரலாறு.

ஆனால் 650 சொல்லில் 500 சொல் தாத்தாவுக்குப் போய்விட்டால் கல்லூரி தாத்தாவைத்தான் சேர்த்துக்கொள்ள விரும்பும். ஒரு மாணவி இதை நன்றாகச் சமாளித்தாள். தாத்தா கொண்டுவந்த தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த காகிதங்களை அவருக்காக அவள் வாசித்துக் காட்டிய ஒரு மத்தியானத்தை மட்டும் எழுதினாள். ஒரு காகிதத்தில் அவர் பெயர் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் இருந்தது. எது சரி என்று கேட்டதற்கு, "ரெண்டும் நான்தான் ஆயா" என்றாராம். பேத்தியை 'ஆயா' என்று செல்லமாகக் கூப்பிடுவார். ஒரு அரசாங்கக் காகிதம் ஒரு மனிதரை எப்படி எழுதுகிறது என்ற கேள்வி அங்கிருந்து அவளுக்குள் வந்தது, சட்டம் படிக்க வேண்டும் என்ற எண்ணமும். தாத்தாவும் இருந்தார், அவளும் இருந்தாள்.

நான் படுகர் வீட்டுப் பையன். என் தோழி தோடர். எங்கள் பழக்கவழக்கங்களை எழுதலாமா?

தாராளமாக. ஆனால் உங்கள் சமூகத்தையே அறிமுகப்படுத்தும் பாடப்புத்தகம் மாதிரி எழுத வேண்டாம். 'எங்கள் மக்கள் இயற்கையோடு இணைந்து வாழ்பவர்கள்' என்ற வரியை உங்களை ஒருமுறைகூடச் சந்திக்காதவர்களும் எழுதிவிட முடியும்.

தோடர் பூத்தையலை எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எழுதுவதைவிட, துணியில் கோடு வரையாமல் இழையை எண்ணி எண்ணித்தான் பாட்டி போடுவார் என்றும், ஒரு இழை தவறினால் அவர் கை எங்கே நிற்கும் என்றும், அந்த எண்ணிக்கையை நீங்கள் முதன்முதலில் எப்போது பிடித்தீர்கள் என்றும் எழுதலாம். படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கும் அதுதான். அங்கே உங்களுக்குக் கொடுத்த வேலை என்ன, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன?

வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்று பெரியவர்கள் வைத்திருக்கும் விஷயமாக இருந்தால், அவர்களைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

தமிழில் எழுதி மொழிபெயர்க்கலாமா?

முதல் வரைவு தமிழில் எழுதுவதை நான் வலியுறுத்துவேன். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஊட்டியின் பெரிய ஆங்கிலப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கும். ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்குத் தெரிந்த ஆங்கிலம் எதைச் சொல்ல விடுகிறதோ அதை மட்டும் சொல்வோம். தமிழில் வீட்டில் பேசுவது போல எழுதினால் நடந்தது முழுவதும் வரும்.

ஆனால் அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கக் கூடாது. தமிழ் நோட்டை மூடி வைத்துவிட்டு, அதில் இருந்ததை ஒரு நண்பருக்கு ஆங்கிலத்தில் சொல்வது போல மறுபடி எழுதுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். அகராதியில் தேடிய பெரிய சொல் எது, உங்களுடைய சொல் எது என்று படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

'கொழுந்து', 'லயன்', 'வர்க்கி' மாதிரிச் சொற்களை அப்படியே வைக்கலாம். பக்கத்திலேயே அது என்ன என்று புரியும்படி ஒரு செயல் இருக்கட்டும். 'டீயில் முக்கிய வர்க்கி நொறுங்கி விழுந்தது' என்றால் அது தின்பண்டம் என்று யாருக்கும் விளங்கும்.

நம் ஆங்கிலத்தில் அங்கே வேறு பொருள் தரும் சொற்கள் சில உண்டு. 'பாஸ்டு அவுட்' என்றால் நமக்குப் படித்து முடித்தது, அவர்களுக்கு மயங்கி விழுந்தது. 'ட்யூஷன்' என்றால் அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணம். லட்சம், கோடி புரியாது. 'நேட்டிவ் பிளேஸ்' வேண்டாம், சொந்த ஊர் என்பதற்கு அவர்கள் 'ஹோம்டவுன்' என்பார்கள்.

எப்படித் தொடங்க வேண்டும்? குறளோ கலாம் பொன்மொழியோ வைக்கலாமா?

வைக்க வேண்டாம். உங்களுக்காக ஒதுக்கிய இடத்தில் முதல் வரியை இன்னொருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம் போட்டு எழுதிப் பழகியிருக்கிறோம். தேர்வுக்கு அது சரி. இங்கே முன்னுரை வேண்டியதில்லை, நேராக நடந்த இடத்துக்குப் போய்விடுங்கள். இலைக் கணக்கு எழுதிய மாணவியின் முதல் வரி இதுதான்: 'மார்ச் மாதம் முழுக்க மழை இல்லை, ஆனால் எங்கள் இலையில் மட்டும் ஈரம் இருந்தது.' அவளே கண்டுபிடித்தாள். பத்தாவது வரைவில் நடுப்பக்கத்தில் கிடந்த வரி அது, மேலே தூக்கி வைத்தோம். பெரும்பாலும் அப்படித்தான், தொடக்கம் கடைசியில்தான் கிடைக்கும்.

முடிவுரையும் வேண்டாம். 'இதிலிருந்து நான் கற்ற பாடம்' என்று எழுதத் தோன்றினால் அதற்கு முந்தின வரியிலேயே நிறுத்திப் பாருங்கள்.

650 சொல்லுக்குள் வரவே மாட்டேன் என்கிறது.

சத்தமாக வாசியுங்கள். உங்களுக்கே சலிப்புத் தட்டும் இடத்தை வெட்டுங்கள். அது பெரும்பாலும் முதல் பத்தியாக இருக்கும்.

இதே கட்டுரையை இங்கிலாந்துக்கும் அனுப்பலாமா?

முடியாது. அங்கே 'யூகாஸ்' வழியாக விண்ணப்பம். முன்பு ஒரே கட்டுரையாக இருந்தது, 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்வியாக மாற்றிவிட்டார்கள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350.

அவர்களுக்குப் பாடம்தான் முக்கியம், உங்கள் வாழ்க்கைக் கதை இரண்டாம்பட்சம். மேலே சொன்ன மாணவி யூகாஸுக்கு எழுதியபோது அம்மா, ஏஜென்ட், ரோடு எல்லாம் இரண்டு வரியில் முடிந்தது. நான்கு கட்டம் ஏன் போட்டாள், மழையையும் கழிவையும் எப்படி ஒப்பிட்டாள், மாதிரி சிறியதாக இருந்ததால் எதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது விரிந்தது. ஒரே நோட்டு, வேறு வேறு பக்கங்கள்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் எழுதித் தருகிறதே?

தருகிறது. அதைச் சொந்தக் கட்டுரை என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடியாகவே கருதுகிறது. யூகாஸில் இது என் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வேறு கட்டுரைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் மென்பொருளும் அவர்களிடம் இருக்கிறது.

விதியை விடுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கும் யூனிஃபார்ம் அதற்குத் தெரியாது. 'நீலகிரி மாணவி' என்று சொன்னால் அது பனியையும் பச்சைக் கம்பளத்தையும்தான் கொண்டுவரும். எழுத்துப்பிழை பார்க்க, ஒரு சொல்லின் பொருள் தெரிந்துகொள்ளப் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறவர்களுக்கும் இதே பதில்தான். அவர்கள் எழுதியதை நேர்காணலில் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்.

யார் யாரிடம் காட்டலாம்?

இரண்டு பேர் போதும். உங்களை நன்றாகத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர். தெரிந்தவர், 'இது நீதான்' என்று சொல்ல வேண்டும். தெரியாதவருக்குப் புரிய வேண்டும். ஐந்தாறு பேரிடம் காட்டினால் ஆளுக்கு ஒரு வரி மாற்றுவார்கள், கடைசியில் யாருடைய கட்டுரை என்றே தெரியாது. திருத்துகிறவர் கையில் பேனா கொடுக்காதீர்கள். நானும் ஓரத்தில் கேள்விக்குறி மட்டுமே போடுவேன்.

பதினொன்றாம் வகுப்பில் மார்க் சரிந்துவிட்டது. கட்டுரையில் விளக்கம் சொல்லவா?

அதற்குக் காமன் ஆப்பில் கூடுதல் தகவல் என்று தனி இடம் இருக்கிறது. அங்கே நான்கைந்து வரியில் நடந்ததைச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை, மூன்று மாதம் வீட்டுவேலையைப் பார்த்துக்கொண்டேன், ஜனவரியிலிருந்து சரியானது. மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். கட்டுரையை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

என் மகள் வீட்டு விஷயத்தையெல்லாம் ஊருக்குச் சொல்கிறாளே, மிஸ்?

ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. கட்டுரையை அந்தக் கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் சிலர்தான் படிப்பார்கள், வெளியே போடுவதில்லை என்று சொன்னேன். ஆனாலும் வீட்டாரைப் பற்றி வரும் வரிகளை அனுப்புவதற்கு முன் அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படி பிள்ளைகளிடம் சொல்கிறேன். அந்தத் தாய்க்கும் மகள் வாசித்துக் காட்டினாள். கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார்: நாங்கள் அன்றைக்கு எடுத்தது முப்பத்தெட்டு கிலோ, நாற்பது இல்லை. மகள் மாற்றினாள்.

எப்போது தொடங்க வேண்டும்?

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு முன்கூட்டிய விண்ணப்பம் நவம்பர் 1-ஐ ஒட்டியும், வழக்கமான விண்ணப்பம் ஜனவரி தொடக்கத்திலும் முடியும். யூகாஸுக்குப் பெரும்பாலான பாடங்களுக்கு ஜனவரி நடுப்பகுதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் அக்டோபர் 15. இதற்கு நடுவில் நமக்கு அரையாண்டுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு எல்லாம் வந்து நிற்கும். மே மாதம் சீசன் நேரம், அப்பா டாக்ஸி ஓட்டுபவராகவோ வீட்டில் கடை வைத்திருப்பவர்களாகவோ இருந்தால் உங்களுக்கும் வேலை இருக்கும். ஜூனுக்குள் ஒரு தமிழ் வரைவு கையில் இருந்தால் போதும்.

இன்னொன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை. மரம் விழும், கரண்ட் போகும், சிக்னல் போகும். கடைசி நாளை நம்பாமல் நான்கு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். யூகாஸின் கெடு இங்கிலாந்து நேரம் மாலை 6 மணி, ஜனவரியில் அது நமக்கு இரவு 11.30.

அனுப்பிவிட்டேன். இப்போது ஒரு எழுத்துப்பிழை கண்ணில் படுகிறது. அழுகையாக வருகிறது.

ஒரு எழுத்துப்பிழைக்காக யாரையும் ஒதுக்க மாட்டார்கள். எண்ணோ பெயரோ தவறாகிப் பொருளே மாறியிருந்தால், அந்தக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு இயற்பியல் புத்தகத்தை எடுங்கள், செய்முறைத் தேர்வு வருகிறது.